பாலை நிலத்து ஓவியர்

பாலை என்று சொல்லிய அளவில் நம் உள்ளத்தில் தோன்றுவன மணற்பரப்பும், கொதிக்கும் வெயிலும், நீர் வேட்கையுமே ஆகும். அந்நிலத்தில் அழகும் உண்டென்று எவரேனும் உரைப்பின், அதனை நாம் எளிதில் நம்புவதில்லை. ஆயினும், காணும் கண் உடையார்க்குப் பாலையும் ஒரு கருவூலமேயாகும். காலையில் இளஞ்சிவப்பாய்த் தோன்றும் மலை, நண்பகலில் வெளிறி, மாலையில் செந்தழல்போல் ஒளிர்ந்து, அந்திப்பொழுதில் நீலமாய் மறையும் காட்சியைப் பாலையில்தான் காணலாகும். அக்காட்சியை நீர்வண்ணத்தால் தாளில் எழுதி, உலகம் அறியச் செய்தவர் ஒருவர் ஆஸ்திரேலிய நாட்டின் நடுவே தோன்றினார். அவர் பெயர் ஆல்பர்ட் நமட்ஜீரா என்பதாம். அந்நாட்டுப் பழங்குடியிற் பிறந்த அவர், முப்பத்து நான்காம் அகவையில் தூரிகையைப் பயின்று, இரண்டே ஆண்டுகளில் பெரும்புகழ் எய்தினார். அவர் புகழ் பெற்ற வரலாறு மகிழ்ச்சி தருவது. அப்புகழிடையே அவர் பட்ட துன்பமோ நெஞ்சை உருக்குவது. இரண்டையும் நாம் அறிதல் வேண்டும்.

நாடும் குடியும்

ஆஸ்திரேலியாவின் கரையோரங்கள் வளம் மிக்கவை. உள்நாட்டிலோ, மழை அரிதாகப் பெய்யும் வறண்ட நிலமே எங்கும் பரந்து கிடக்கின்றது. அந்நிலத்தின் நடுவில் மக்டானல் மலைத்தொடர் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 640 கிலோமீட்டர் நீண்டுள்ளது. இரும்புத்துரு கலந்த பாறைகளால் ஆகிய அம்மலைகள் செந்நிறம் உடையன. மலைகளைப் பிளந்துகொண்டு ஃபிங்க் என்னும் ஆறு செல்கின்றது. உலகின் மிகப் பழைய ஆறுகளுள் ஒன்றென அறிஞர் கருதும் அவ்வாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணலே ஓடுகின்றது; நீர் ஓடுவது மழைநாளில் மட்டுமே. ஆற்றங்கரைகளில் பால்போல் வெண்மையான அடிமரங்களை உடைய ஒருவகை மரங்கள் வளர்கின்றன. நிலவொளியில் அவை பேய்போல் தோன்றுதல் பற்றி ஆங்கிலேயர் அவற்றைப் பேய் மரங்கள் என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தனர். அந்நாட்டிற்குக் கள்ளிச்செடி உரியதன்று. அதற்கு ஈடாக, ஊசிபோல் குத்தும் ஸ்பினிஃபெக்ஸ் என்னும் முட்புல் எங்கும் மண்டிக் கிடக்கின்றது.

இத்தகைய நிலத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வருபவர் அரெர்ண்டே என்னும் பழங்குடியினர். அவர்க்கு நிலம் வெறும் மண்ணன்று. முன்னோராகிய தெய்வ ஆற்றலினர் தொல்காலத்தில் அந்நிலத்தின்மீது நடந்து சென்றனர் என்றும், அவர் சென்ற வழியிலேயே குன்றும் சுனையும் பள்ளத்தாக்கும் உண்டாயின என்றும் அவர் நம்புகின்றனர். ஆதலின், ஒவ்வொரு மலைக்கும் ஒரு கதை உண்டு. ஒவ்வொரு சுனைக்கும் அதனைக் காக்கும் கடமையுடைய ஒரு குடும்பம் உண்டு. அக்கதைகளை அறிந்து போற்றுவதே அவர்தம் கல்வியாகும்.

பிறப்பும் இளமையும்

1877-ஆம் ஆண்டில், ஜெர்மானிய நாட்டிலிருந்து வந்த லூதரன் சபைப் பாதிரிமார் ஃபிங்க் ஆற்றங்கரையில் ஒரு குடியிருப்பை நிறுவினர். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அவ்வூருக்கு ஹெர்மான்ஸ்பர்க் என்று பெயரிட்டனர். அங்கு 1902-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 28-ஆம் நாள் ஓர் ஆண்மகவு பிறந்தது. பெற்றோர் அதற்கு எலியா என்று பெயரிட்டனர். 1905-ஆம் ஆண்டில் பெற்றோர் இருவரும் கிறித்துவ சமயத்தைத் தழுவியபொழுது, மகனும் ஆல்பர்ட் என்னும் பெயர் பெற்றான். நமட்ஜீரா என்பது தந்தையாரின் பழம்பெயர். பின்னாளில் அதனையே தம் பெயரோடு சேர்த்து, ஓவியங்களில் ஒப்பமிட்டு வந்தார் ஆல்பர்ட்.

சிறுவன் பாதிரிமாரின் பள்ளியில் எழுத்தும் எண்ணும் கற்றான். பதின்மூன்றாம் அகவையில், குலமரபின்படி முதியோர் அவனைக் காட்டிற்கு அழைத்துச் சென்றனர். அங்கு ஆறு திங்கள் தங்கி, வேட்டையாடும் திறனையும், நீர் உள்ள இடமறியும் நுட்பத்தையும், மலைகளின் கதைகளையும், குலத்தின் நெறிகளையும் அவன் கற்றுத் தேர்ந்தான். இவ்வாறு ஒருவனே இருவகைக் கல்வியும் பெற்றான். ஒன்று ஏட்டுக் கல்வி. மற்றொன்று நிலம் தந்த கல்வி. இரண்டினுள் பின்னதே, பிற்காலத்தில் அவனை ஓவியனாக்கிய வித்தாகும்.

இல்வாழ்வும் தொழிலும்

இளமைப் பருவத்தில் ஆல்பர்ட், இல்கலிட்டா என்னும் நங்கையை மணந்தார். யார் யாரை மணக்கலாம் என்பதற்கு அக்குலத்தில் கடுமையான வரையறைகள் உண்டு. அவ்வரையறைகளுக்கு இத்திருமணம் ஒவ்வாதது எனக் கொண்ட முதியோர், இருவரையும் விலக்கி வைத்தனர். ஆகவே அவர் மனைவியுடன் ஊரை விட்டு நீங்கி, சில ஆண்டுகள் வேற்றிடங்களில் கூலிவேலை செய்து வாழ்ந்தார். பின்னர் முதியோர் சினம் தணிந்து ஏற்றுக்கொள்ளவே, ஊர் திரும்பினார். இல்கலிட்டாவும் ரூபினா என்னும் பெயர் பெற்றார். குலநெறியை மீறினால் என்ன நேரும் என்பதை இளமையிலேயே தம் வாழ்வில் கண்டவர் ஆல்பர்ட். இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் நிகழ்ந்த துயரத்தை அறிதற்கு இதுவே திறவுகோலாகும்.

குடும்பத்தைக் காத்தற்பொருட்டு அவர் செய்யாத தொழில் இல்லை. ஒட்டகங்களை ஓட்டினார், மாடு மேய்த்தார், கொல்லுலையில் இரும்படித்தார், தச்சுவேலை செய்தார். ஓய்வுப்பொழுதில் முல்கா என்னும் வன்மரத்துப் பலகைகளில், காய்ச்சிய கம்பியால் சுட்டு விலங்குகளின் உருவங்களையும் அழகிய கோலங்களையும் பொறித்தார். அவற்றை வழிப்போக்கர் விலைகொடுத்து வாங்கினர். கலைத்திறம் அவரிடம் முன்னமே இருந்தது. அது வெளிப்படுதற்கு உரிய வாயில்தான் இன்னும் திறக்கவில்லை.

வறட்சியும் நீரும்

1920-களின் பிற்பகுதியில் அந்நிலத்தைக் கொடிய வறட்சி பற்றியது. பல ஆண்டுகள் மழையின்றிக் கழிந்தன. காய்கறிகள் விளையாமையால், சத்துக் குறைவினால் வரும் ஸ்கர்வி நோய் ஹெர்மான்ஸ்பர்க்கில் பரவியது. குழந்தைகள் பலர் மாண்டனர். சில கல் தொலைவில் குப்ரில்யா என்னும் ஊற்று வற்றாது இருந்தது. அந்நீரைக் குழாய்வழியே கொணரலாம் என்றார் அங்கிருந்த பாதிரியார் ஆல்பிரெக்ட்; ஆயினும் அதற்குப் பொருள் இல்லை. அந்நாளில் அவ்வூரைக் காணவந்த மெல்போர்ன் நகரத்து ஓவியர் வயலட் டீக் என்பாரும் அவர் உடன்பிறந்தாரான யூனா டீக் என்பாரும் மக்கள் படும் துயர் கண்டு இரங்கினர். ஊர் திரும்பியதும், ஓவியர் பலரிடம் ஓவியங்களை நன்கொடையாகப் பெற்று விற்றுப் பொருள் திரட்டினர். 1935-ஆம் ஆண்டில் குழாய் அமைந்தது. ஊருக்கு நன்னீர் வந்தது. தாளில் தீட்டிய வண்ணம் தாகம் தீர்க்கும் நீராக மாறிய இவ்வியப்பினை ஆல்பர்ட் தம் கண்ணெதிரே கண்டார்.

ஆசிரியர் வாய்த்தல்

இக்காலத்தே ரெக்ஸ் பாட்டர்பி என்னும் ஓவியர் அப்பகுதிக்கு வந்தார். அவர் முதல் உலகப் பெரும்போரில் ஈடுபட்டு, 1917-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுப் போர்க்களத்தில் கடும் புண்பட்டவர். நெடுங்காலம் மருத்துவமனையில் கிடந்தும் அவருடைய இடக்கை பயன்படாது போயிற்று. உழவுத்தொழில் செய்ய இயலாமையால் ஓவியத்தை மேற்கொண்டார். நண்பர் ஜான் கார்ட்னர் என்பாருடன் மோட்டார் வண்டியொன்றில் ஊர் ஊராகச் சென்று, பாலைநிலக் காட்சிகளை நீர்வண்ணத்தில் தீட்டி வந்தார். 1934-ஆம் ஆண்டில் அவ்விருவரும் தம் ஓவியங்களை ஹெர்மான்ஸ்பர்க்கில் காட்சிக்கு வைத்தனர். ஊர்மக்கள் பெருந்திரளாக வந்து கண்டனர். தாம் நாள்தோறும் காணும் மலைகள் தாளில் நிற்பதைக் கண்டு வியந்தனர்.

ஆல்பர்ட்டின் வியப்போ, ஆவலாக மாறியது. இதனை நானும் செய்ய இயலும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. தாளும் வண்ணமும் பெற்றுத் தாமே எழுதிப் பார்த்தார். 1936-ஆம் ஆண்டில் பாட்டர்பி மீண்டும் வந்தபொழுது, ஒட்டகம் ஓட்டும் துணைவராகத் தாம் உடன்வருவதாகவும், அதற்கு மாறாக ஓவியம் கற்பிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். பாட்டர்பியும் மகிழ்ந்து இசைந்தார். இருவரும் ஏறத்தாழ இரண்டு திங்கள் ஒட்டகங்களுடன் திரிந்தனர். முதலில், வேறெங்கும் காண்டற்கரிய பனைகள் வளரும் பனைப் பள்ளத்தாக்கிற்குச் சென்றனர்; பின்பு மக்டானல் மலைப்பகுதியை அடைந்தனர். வழிகாட்டியவர் மாணவர், வண்ணம் காட்டியவர் ஆசிரியர். ஒருவர் அறிந்ததை மற்றவர் அறிந்துகொண்டனர்.

நீர்வண்ணம் பழகுதற்கு அரிய கலையாகும். எண்ணெய் வண்ணத்தில் ஒரு பிழை நேரின், அதன்மேல் மீண்டும் பூசி மறைக்கலாம். நீர்வண்ணத்தில் அது பெரும்பாலும் இயலாது. வண்ணத்தின் ஊடே தாளின் வெண்மை ஒளிவிட வேண்டும்; ஆதலின் எங்கே தீட்டுவது என்பதனோடு எங்கே தீட்டாது விடுவது என்பதையும் முன்னமே துணிதல் வேண்டும். பாலைநிலத்திலோ, காற்று மிக வறண்டது. தூரிகை தாளைத் தொட்ட சிறிது பொழுதிலேயே நீர் உலர்ந்துவிடும். கையில் விரைவும், உள்ளத்தில் தெளிவும் இல்லாதவர் அங்கே வண்ணம் தீட்டுதல் அரிது. ஆல்பர்ட்டிற்கு இவ்விரண்டும் இயல்பாக வாய்த்தன. மிகச் சில நாட்களிலேயே மாணவர் பெற்ற தேர்ச்சியைக் கண்டு ஆசிரியர் வியப்புற்றார். அடுத்த ஆண்டில், அடிலெய்ட் நகரில் நிகழ்ந்த தம் கண்காட்சியில் மாணவரின் ஓவியங்கள் சிலவற்றையும் சேர்த்து வைத்தார். மாணவரின் வளர்ச்சி கண்டு அழுக்காறு கொள்ளாது மகிழ்ந்த அவ்வாசிரியரின் பண்பு போற்றற்குரியது.

புகழ் பரவுதல்

1938-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், மெல்போர்ன் நகரில் ஆல்பர்ட்டின் ஓவியங்கள் தனியே காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆங்கு வைக்கப்பட்ட 41 ஓவியங்களும் மூன்றே நாட்களில் விற்றுப்போயின. மறு ஆண்டில், தென் ஆஸ்திரேலியக் கலைக்கூடம் அவருடைய ஓவியம் ஒன்றை விலைக்கு வாங்கியது. அதன்பின் சிட்னி, அடிலெய்ட் முதலிய நகரங்களில் கண்காட்சிகள் நிகழ்ந்தன. அவர் ஓவியங்களின் அச்சுப்படிகள் இல்லந்தோறும் சுவர்களை அணி செய்தன. 1953-ஆம் ஆண்டில் அரசியாரின் முடிசூட்டு விழாப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. 1954-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிற்கு வந்த எலிசபெத் அரசியாரைக் கான்பெரா நகரில் நேரிற் காணும் பேறும் பெற்றார். வில்லியம் டார்கி என்னும் ஓவியர் அவர் உருவத்தைத் தீட்டிய படம், 1956-ஆம் ஆண்டிற்குரிய ஆர்ச்சிபால்ட் பரிசினைப் பெற்றது. உருவ ஓவியத்திற்கு அந்நாட்டில் வழங்கப்பெறும் உயரிய பரிசு அதுவேயாகும்.

தாம் பெற்ற கலையை அவர் தமக்கென மறைத்து வைக்கவில்லை. தம் மைந்தர்க்கும் உறவினர்க்கும் கற்பித்தார். அவர்களும் மலைகளையும் மரங்களையும் தீட்டிப் பொருளீட்டினர். இவ்வாறு தோன்றிய ஓவிய மரபு, இன்றும் ஹெர்மான்ஸ்பர்க் மரபு என்று வழங்கப்படுகின்றது.

ஓவியங்களின் இயல்பு

நமட்ஜீராவின் ஓவியம் ஒன்றைக் காண்போமானால், முதலில் நம் கண்ணைக் கவர்வது பெரும்பாலும் ஒரு வெண்மரமாகும். படத்தின் ஓரத்தே அது ஓங்கி நிற்கும். அதன் பட்டையிலுள்ள முடிச்சும், சுருக்கமும், நிழலும் நுணுக்கமாகத் தீட்டப்பெற்றிருக்கும். வெண்மைக்கு அவர் பெரிதும் பயன்படுத்தியது தாளின் வெண்மையையே. மரத்தின் பின்னே மஞ்சட் புல்வெளியும், அதன்பின் செம்பாறையும், அதற்கும் அப்பால் நீலமும் ஊதாவும் கலந்த நெடுமலையும் அடுக்கடுக்காகத் தோன்றும். 1,380 மீட்டர் உயரமுள்ள சோண்டர் மலை அவர் பன்முறை விரும்பித் தீட்டிய மலையாகும்.

நகரத்து மக்களுட் சிலர், நிலம் இத்துணைச் செம்மையாகவும் மலை இத்துணை நீலமாகவும் இருத்தல் கூடுமோ என்று ஐயுற்றனர். நேரிற் சென்று கண்டபின் ஐயம் நீங்கினர். கலை ஆய்வாளர் சிலரோ, வெள்ளையர் எழுதும் முறையை இவர் அப்படியே பின்பற்றியுள்ளார். இதில் இவர்க்கென்று உரியது யாதுமில்லை என்று குறை கூறினர். அக்குறை பிற்காலத்தில் நீங்கியது. நமட்ஜீரா தீட்டிய இடங்கள் அழகு கருதி மட்டும் தேர்ந்தவை அல்ல; தந்தைவழியிலும் தாய்வழியிலும் அவர்க்குரிய முன்னோர் நிலங்கள் அவற்றுட் பலவாகும். ஒவ்வொரு குன்றின் கதையையும் அவர் அறிவார், அறிந்தே தீட்டினார். கருவி அயலாரிடம் கற்றது. காட்சியும் கருத்தும் அவர்தம் குடிக்கே உரியவை. இவ்வுண்மையை உலகம் உணர்தற்குப் பல்லாண்டுகள் கழிந்தன.

மறுக்கப்பட்ட நிலம்

புகழும் பொருளும் நமட்ஜீராவிடம் வந்தன; உரிமை வரவில்லை. அந்நாளில் வடக்கு ஆட்சிப்பகுதியில் வாழ்ந்த பழங்குடியினர், நாட்டின் முழுக்குடிமக்களாகக் கருதப்பட்டிலர். எங்கு வாழ்வது, எங்குச் செல்வது, எவரை மணப்பது என்பவற்றில் எல்லாம் அரசு அலுவலரின் இசைவு வேண்டப்பட்டது. நமட்ஜீரா தம் வருவாய்க்கு வரி செலுத்துமாறு கேட்கப்பட்டார். ஆயினும் அவர்க்கு வாக்குரிமை இல்லை.

ஓவியத்தால் வந்த பொருளைக் கொண்டு மாடு வளர்த்துத் தம் மக்களுக்கு நிலையான வாழ்வு அமைக்க அவர் எண்ணினார். அதற்கென மேய்ச்சல் நிலம் கேட்டார், அவ்வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. 1951-ஆம் ஆண்டில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் வீடு கட்டுதற்கு இடம் வாங்க முயன்றார், அதுவும் மறுக்கப்பட்டது. பழங்குடியினர் இரவில் அந்நகருள் தங்குதல் கூடாது என்பது அக்காலத்து விதி. ஆகவே, நாடெங்கும் மாளிகைச் சுவர்களில் தம் ஓவியங்கள் தொங்க, அவற்றைத் தீட்டியவர் நகருக்குப் புறத்தே, மோரிஸ் சோக் என்னும் வறண்ட ஓடைப்படுகையில் குடிசையமைத்து வாழ்ந்தார். தம் முன்னோர் நிலத்தை ஆயிரம் முறை தீட்டியவர்க்கு, அந்நிலத்தில் ஒரு மனையிடம் வாங்கும் உரிமை இல்லை. இதனினும் பெரிய முரண் வேறு யாது?

வந்த பொருளும் அவரிடம் தங்கவில்லை. உள்ளவன் இல்லாதவனுக்குப் பகிர்ந்து கொடுத்தல் அவர் குலத்தின் மாறா நெறி. கேட்ட உறவினர்க்கு இல்லை என்று கூறுதல் பெரும்பழியாகும். ஆதலின் உறவினர் பலரும் அவரை அண்டி வாழ்ந்தனர். அவரும் மகிழ்ந்தே அளித்தார்.

குடியுரிமையும் சிறைவாழ்வும்

நமட்ஜீராவிற்கு இழைக்கப்படும் அநீதியைக் கண்டு ஆஸ்திரேலிய மக்கள் பலர் குரல் எழுப்பினர். 1957-ஆம் ஆண்டில் பழங்குடியினரை அரசின் காப்பில் உள்ளோராகப் பட்டியலிட்டபொழுது, நமட்ஜீராவின் பெயரும் ரூபினாவின் பெயரும் அப்பட்டியலில் சேர்க்கப்படவில்லை. அதனால் அவ்விருவரும் முழுக்குடியுரிமை பெற்றனர். அவர் வாக்களிக்கலாம், விரும்பிய இடத்தில் வாழலாம், மதுவும் வாங்கலாம். ஆனால் அவர் பெற்ற மைந்தரும் உற்றாரும் பட்டியலிலேயே இருந்தனர். பட்டியலில் உள்ளார்க்கு மது கொடுத்தல் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும். இவ்வாறு சட்டம், தந்தையை ஒருபுறமும் மக்களை மற்றொரு புறமுமாகப் பிரித்து நிறுத்தியது.

இதனால் விளைந்த இடர்ப்பாடு கொடியது. எதனையும் பகிர்ந்துண்க என்பது குலநெறி. மதுவைப் பகிராதே என்பது அரசின் சட்டம். ஒன்றைக் காத்தால் மற்றொன்றை மீறுதல் நேரும். 1958-ஆம் ஆண்டில் மோரிஸ் சோக்கில் மதுவினால் எழுந்த கலகத்தில் ஒரு பெண் உயிரிழந்தாள். மதுவைக் குடியிருப்பிற்குக் கொணர்ந்தமைக்காக நடுவர் நமட்ஜீராவைக் கண்டித்தார். மது கேடு விளைப்பது என்பதற்கு அந்நிகழ்ச்சியே சான்றாயிற்று. அவரும் அதன் தீங்கிற்கு ஆட்படாதிருந்தார் அல்லர். அவ்வாண்டிலேயே தம் குலத்து ஓவியர் ஒருவருக்கு மது கொடுத்தார் என்று அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. ஆறு திங்கள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நாடெங்கும் மக்கள் மனம் வருந்தி முறையிட்டனர். மேல்முறையீட்டில் தண்டனை மூன்று திங்களாகக் குறைக்கப்பட்டது. உச்சநிலை நீதிமன்றம் அதற்குமேல் தலையிட மறுத்தது. நகரச் சிறையில் அடைக்காது, ஆலிஸ் ஸ்பிரிங்சுக்கு வடமேற்கே உள்ள பாபுன்யா என்னும் குடியிருப்பில் 1959-ஆம் ஆண்டில் அவரைக் காவலில் வைத்தனர். இரண்டு திங்கள் கழிந்தபின் விடுதலை பெற்றார்.

இளமையில் குலநெறிக்கு மாறாக மணம் செய்துகொண்டு குலத்தாரால் விலக்கப்பட்டவர். முதுமையின் வாயிலில் குலநெறியைக் காத்தமையால் அரசால் தண்டிக்கப்பட்டார். குலம் அவரை மன்னித்து ஏற்றுக்கொண்டது. சட்டமோ அவ்வாறு ஏற்றற்கு அறியாததாயிற்று.

மறைவு

விடுதலை பெற்ற நமட்ஜீராவின் உடல் தளர்ந்திருந்தது. உள்ளமோ அதனினும் தளர்ந்திருந்தது. தூரிகையில் நாட்டம் குறைந்தது. நெஞ்சுநோயோடு நுரையீரல் அழற்சியும் சேர்ந்து வருத்த, 1959-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 8-ஆம் நாள் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் மருத்துவமனையில் உயிர்நீத்தார். அப்பொழுது அவர்க்கு அகவை 57. ஏறத்தாழ இரண்டாயிரம் ஓவியங்களைத் தீட்டிய கை ஓய்ந்தது. எந்த நகரில் ஒரு வீடு கட்ட இடம் மறுக்கப்பட்டதோ, அந்நகரத்து இடுகாட்டிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

அவர்க்குப்பின்

நமட்ஜீராவின் துயரம் வீண்போகவில்லை. புகழ்மிக்க ஒருவர்க்கே இந்நிலை நேருமாயின், பெயர் அறியப்படாத பிறர் நிலை யாதாகும் என்று நாட்டுமக்கள் எண்ணத் தலைப்பட்டனர். 1964-ஆம் ஆண்டில் வடக்கு ஆட்சிப்பகுதியின் அப்பட்டியல் முறை நீக்கப்பட்டது. 1967-ஆம் ஆண்டு நிகழ்ந்த பொதுவாக்கெடுப்பில், பழங்குடியினரையும் மக்கள்தொகையில் சேர்த்து எண்ணுதற்கும், அவர்க்கென நடுவண் அரசு சட்டம் இயற்றுதற்கும் இசைந்து வாக்காளருள் பத்தில் ஒன்பதின்மர்க்கு மேற்பட்டோர் வாக்களித்தனர். 1968-ஆம் ஆண்டில் அவர் உருவம் தாங்கிய அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. அவர் காவலில் இருந்த பாபுன்யாவிலேயே 1971-ஆம் ஆண்டில் பழங்குடியினரின் புதியதோர் ஓவிய இயக்கம் தோன்றி, பின்னர் உலகெங்கும் புகழ் பரப்பியது.

அவர் ஓவியங்களைப் படியெடுத்து வெளியிடும் உரிமை, 1983-ஆம் ஆண்டில் அவர் குடும்பத்தாரைக் கேளாமலே 8,500 டாலருக்குப் பிறர்க்கு விற்கப்பட்டது. அதனை மீட்க அவர் வழித்தோன்றல்கள் நெடுங்காலம் முயன்றனர். 2017-ஆம் ஆண்டில், ஒரே ஒரு டாலர் விலைக்கு அவ்வுரிமை குடும்பத்தார்க்கென அமைந்த அறக்கட்டளைக்குத் திரும்பியது. 2020-ஆம் ஆண்டில், அவருடைய கொள்ளுப்பேரர் வின்சென்ட் நமட்ஜீரா ஆர்ச்சிபால்ட் பரிசினைப் பெற்றார். அப்பரிசினை வென்ற முதற் பழங்குடி ஓவியர் அவரே. முன்னவர் அப்பரிசு பெற்ற படத்தில் பிறரால் தீட்டப்பட்ட உருவமாக நின்றார். பின்னவர் தீட்டும் ஓவியராகவே நின்று அப்பரிசினை வென்றார். இவ்விரண்டிற்கும் இடையே அறுபத்து நான்கு ஆண்டுகள் ஓடிமறைந்தன.

முடிவுரை

நமட்ஜீராவின் வாழ்க்கை நமக்கு உணர்த்துவன பல. கற்கும் ஆர்வம் உடையார்க்குக் காலம் கடந்தது என்பது இல்லை. பிறர் வறண்டது என்று புறக்கணிக்கும் நிலத்திலும் அழகு மறைந்துள்ளது; அன்பு கொண்டு நோக்குவார்க்கு அது தன்னைக் காட்டும். கலைஞனைப் புகழ்ந்தால் மட்டும் போதாது. அவனை மனிதனாகவும் மதித்தல் வேண்டும். ஓவியத்தை விரும்பி வாங்கிய மக்கள், ஓவியர்க்கு ஒரு மனையிடம் அளிக்க மறந்தனர். அப்பிழையை அவர்கள் உணர்ந்தபொழுது, அவர் இவ்வுலகில் இல்லை.

இன்றும் மக்டானல் மலைகள் மாலைதோறும் செம்மையும் நீலமுமாய் நிறம் மாறுகின்றன. வறண்ட ஆற்றங்கரையில் வெண்மரங்கள் நிற்கின்றன. அவற்றைக் காணச் செல்வோர் பலர், நமட்ஜீராவின் ஓவியம் போன்றுள்ளது என்று தம்மையறியாமல் வியக்கின்றனர். ஒரு நிலத்தைக் காணும் கண்களையே உலகிற்கு வழங்கிச் சென்ற அப்பெருந்தகையின் புகழ், அம்மலைகள் உள்ளளவும் நிலைத்து நிற்பதாகும்.